கூகிளில் சரிந்தது, பிங்கில் சரியவில்லை

வெள்ளிக்கிழமை காலை கண்ணையன் அழைத்தபோது செந்தமிழ்ச்செல்வி ஈரத்துணி போட இடம் தேடிக்கொண்டிருந்தாள். விடாத மழை. ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் கொடி கட்டியிருந்தார்கள்.

"செல்வி, நம்ம சைட்டுக்கு கூகிள்காரன் தண்டன குடுத்துட்டானாம்மா."

"யாருண்ணா சொன்னது?"

"மெட்ராஸ்ல ஒரு கம்பெனி. ராஜ்கமல்னு ஒரு தம்பி. போன வாரம் அவரே போன் பண்ணாரு. சைட்டு கூகிள்ல எங்கயும் வரலயாம். நானும் தேடிப் பாத்தேன். நம்ம பேரப் போட்டாக்கூட நம்மளக் காட்டல. யாரோ வடநாட்டுக்காரன் வரான்."

செல்வி கையிலிருந்த துணியை நாற்காலியில் போட்டாள்.

"திங்கக்கெழம அவரு நேர்ல வராரு. இந்த சைட்ட விட்டுட்டு புதுப் பேர்ல வேற போடணும்ங்கறாரு. தண்டன வாங்குன பேரு எழுந்திருக்காதாம். சரின்னு சொல்லிட்டேன். ஒனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னுதான் பண்ணேன்."

"அவரு வர்ற வரைக்கும் விடுங்கண்ணா. இன்னான்னு நான் பாக்கறேன்."

"பாரு. தீபாவளி மந்தம்னு நெனச்சிட்டு இருந்தேன். தீபாவளி போயி எவ்ளோ நாள் ஆவுது. ப்ரெஸ் சும்மா கெடக்குது. பொம்பளைங்க வந்து மூஞ்சியப் பாத்துட்டு ஒக்காந்திருக்காங்க."

அவர் வைத்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கண்ணையன் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ரப்பர் பட்டறை வைத்திருக்கிறார். ப்ரெஸ்ஸில் அச்சு வைத்து ரப்பரை அழுத்திச் செய்யும் குக்கர் கேஸ்கட், மிக்ஸி ஜார் வாஷர், கிரைண்டர் மூடியின் வளையம். அதுவும் கம்பெனிகள் செய்வதை நிறுத்திவிட்ட பழைய மாடல்களுக்கு மட்டும். ஒரு மாடலை நிறுத்தியதும் கம்பெனி அதன் வாஷரையும் நிறுத்திவிடுகிறது. வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வாஷர் போனதும் ஜாரிலிருந்து சட்னி ஒழுகுகிறது. தெருமுனைக் கடையில் கேட்கிறார்கள், இல்லை. பிறகு போனை எடுத்துத் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவர்களால்தான் பட்டறை நடக்கிறது. சேலத்திலிருந்தும் தார்வாடிலிருந்தும் கோலாப்பூரிலிருந்தும் ஆட்கள் கூப்பிடுவார்கள். புதுச்சேரியில் அவருக்கு வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் கிடையாது. இணையதளம் இல்லையென்றால் அங்கே வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் வேலை இல்லை.

அந்தத் தளத்தைச் செய்தவள் செல்வி.

அவள் அப்பாவும் கண்ணையனும் ஒரே மில்லில் இருந்தவர்கள். அப்பா நூற்புப் பகுதி, கண்ணையன் ஃபிட்டர். மில்லின் உணவு இடைவேளையில் பத்திரிகையை உரக்கப் படிக்கிறவர் என்று அப்பாவுக்குப் பெயர். மகளுக்கு இந்தப் பெயரை வைத்ததும் அந்தப் பழக்கத்தில்தான். பள்ளியில் வருகைப் பதிவு எடுத்த டீச்சர்கள் எல்லாரும் அந்தப் பெயரில் மூச்சு வாங்கினார்கள். மில் மூடியபோது அவள் தட்டச்சு ஹையர் முடித்திருந்தாள். காந்தி வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்தது. பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கும் வயதான சொல்தாக்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், மின்னஞ்சல் அனுப்ப வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பாள். கடவுச்சொல்லை அவர்கள் "மோ தெ பாஸ்" என்பார்கள். அவளுக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது. எல்லோர் கைக்கும் போன் வந்து சென்டரை மூடுவதற்குள் அங்கிருந்த கம்ப்யூட்டரில் வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. கூட்டம் இல்லாத மதியங்கள் நிறைய இருந்தன.

இப்போது வீட்டிலிருந்தபடி சிறிய ஆட்களின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு டிரைவிங் ஸ்கூல், அரியாங்குப்பத்தில் வண்ணமீன் விற்கும் ஒருவர், கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதி, இன்னும் சிலர். கண்ணையன்தான் முதல் ஆள். ஒவ்வொரு வாஷரையும் வெள்ளைத்தாளில் வைத்து, பக்கத்தில் அடிஸ்கேல் வைத்து, அவளே படம் எடுத்தாள். பக்கத்தின் தலைப்பில் கம்பெனி கொடுத்த எண்ணைப் போடவில்லை. கடையில் கேட்கிறவர்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படிப் போட்டாள். பச்சை மூடி மிக்ஸியின் பெரிய ஜார் வாஷர். காது வைத்த பழைய குக்கரின் கேஸ்கட். அதனால்தான் தேடுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பேரையே விட்டுவிடுவதென்றால் எல்லாம் முதலிலிருந்து. கூகிள் ஒரு புதுப் பேரை நம்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதம் பட்டறை தாங்காது. ராஜ்கமலுக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்.

துணி நாற்காலியிலேயே கிடந்தது. அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

அவளிடம் இருப்பவை இலவசக் கருவிகள். தளம் வைத்திருக்கும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது கூகிளின் சர்ச் கன்சோல். என்ன வார்த்தையைத் தட்டியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டார்கள், வரிசையில் எத்தனையாவதாக நின்றது என்று அது சொல்லும். ஒரு வருடத்துக்கும் மேலான கணக்கைப் பின்னோக்கிப் பார்க்கலாம். ஆனால் நேற்றைய நிலவரத்தை நேற்றே சொல்லாது. இரண்டாவது பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸ். கூகிளில் பதிந்த தளத்தை ஒரே அழுத்தில் இங்கே கொண்டுவந்துவிடலாம். பிங்கில் தேடுகிறவர்கள் குறைவு என்பதால் எண்களும் சிறியவை. நம் தளத்துக்கு வெளியிலிருந்து யார் வழி காட்டுகிறார்கள் என்பதை இது நன்றாகச் சொல்லும். நாம் சொன்னால், தளத்தில் குறை இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு வரும். மூன்றாவது ரஷ்யர்களின் யாண்டெக்ஸ். அதை ஒருமுறை ஆர்வத்தில் சேர்த்து வைத்தாள். ரஷ்யாவிலிருந்து யாரும் இதுவரை வாஷர் கேட்டதில்லை.

மாதப் பிறப்பில் ஒருமுறை எல்லாத் தளங்களையும் பார்த்துவிடுவது அவள் வழக்கம். இந்த முறை தீபாவளியும் மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சையும் சேர்ந்து வந்ததில் தள்ளிப்போயிருந்தது.

சர்ச் கன்சோலின் கோடு விழுந்திருந்தது. அவள் எதிர்பார்த்தது போல ஒரே நாளில் விழவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி, சற்று நின்று, மறுபடி இறங்கி, படிக்கட்டு போல வந்து கடைசியில் தரையைத் தொட்டிருந்தது. தண்டனை என்று கூகிள் நேரடியாகக் கொடுத்தால் அதற்கென்று ஒரு பக்கம் உண்டு. அங்கே போய்ப் பார்த்தாள். சிக்கல் எதுவும் இல்லை என்று பச்சை அடையாளம் இருந்தது.

பிங்கைத் திறந்தாள். கோடு நேராக இருந்தது. செப்டம்பரில் எப்படி இருந்ததோ அப்படியே.

இரண்டு சாளரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். தளம் கெட்டுப்போயிருந்தால் இரண்டிலும் விழ வேண்டும். ஒன்றில் விழுந்து மற்றதில் விழவில்லையென்றால் கூகிளுக்கும் இந்தத் தளத்துக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ராஜ்கமல் சொல்வதும் அதுதானே.

கண்ணையனிடம் எண் வாங்கி ராஜ்கமலை அழைத்தாள். நல்ல குரல். பொறுமையாகப் பேசினார்.

"தண்டனைப் பக்கத்துல ஒண்ணும் இல்லையே சார்."

"அது சொல்லிட்டுக் குடுக்கறது மேடம். சொல்லாம குடுக்கறதும் இருக்கு. அல்காரிதம்."

"பிங்ல அப்படியே இருக்குதே."

"பிங்க யாரு மேடம் பாக்கறாங்க?"

"யாரும் பாக்கலன்னாலும், சைட்டு கெட்டுப்போயிருந்தா அதுலயும் தெரியணும்ல?"

"ஃப்ரீ டூல்ஸ வெச்சுப் பாத்தா இவ்ளோதான் தெரியும். எங்க பெய்டு டூல்ல ஹெல்த் ஸ்கோர் ரெட்ல இருக்கு. நீங்க ரொம்ப நாளா பாத்துக்கறீங்க, கஷ்டமாதான் இருக்கும். எனக்குப் புரியுது."

புரிகிறது என்று அவர் சொன்னதில் கேலி இல்லை.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. விஜயதசமி அன்று அவள் கண்ணையன் தளத்தில் கை வைத்திருந்தாள். நல்ல நாள் என்று அன்றைக்குத்தான் மூன்று தளங்களுக்குப் புதிய வடிவமைப்பை ஏற்றினாள். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் சுட்டியை வைத்துத் தேதியைப் பார்த்தாள். விஜயதசமிக்குப் பின்வந்த நாட்கள்.

மற்ற இரண்டு தளங்களையும் அவசரமாகத் திறந்தாள். டிரைவிங் ஸ்கூல் விழவில்லை. மீன்காரர் கொஞ்சம் ஏறியிருந்தார். அதே வடிவமைப்பு, அதே நாள். அது ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் கண்ணையன் தளத்தில் மட்டும் ஏதாவது தவறாக அழுத்தியிருந்தால்? அன்று வீட்டில் விருந்தாட்கள் இருந்தார்கள். சமையலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எதை அழுத்தினாள், எதை அழுத்தவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

அவள் கணவன் இளம்பரிதி விழுப்புரம் தடத்தில் பேருந்து நடத்துநர். மதியம் சாப்பிட வந்தவன் தலையைத் துவட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"இன்னா, மூஞ்சி இப்படி இருக்குது?"

"கண்ணையன் அண்ணா சைட்டு கூகிள்ல இல்ல."

"இல்லன்னா, எங்க போச்சு?"

"தெரியல. பிங்ல இருக்குது."

"அது யாரு பிங்கு?"

"அதுலயும் தேடலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தேடறவங்களுக்கு அதுதான் வரும்."

"அப்ப ஆபீஸ்ல ஒக்காந்துட்டு குக்கர் வாஷர் தேடறவன் மட்டும்தான் இனிமே ஒங்க கஸ்டமரு."

அவள் சிரிக்கவில்லை. அவன் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"திங்கக்கெழம அந்த சைட்ட தூக்கிப் போடப் போறாங்க. நான் இன்னா பண்ணேன்னு தெரியல. பிங்கு மட்டும் எல்லாம் சரியா இருக்குதுங்குது."

"பிங்கு கடைசியா எப்ப வந்து பாத்துச்சாம்?"

"ஏன்?"

"இல்ல, எங்க லைன்ல ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரு. அவரு எழுதுன ரிப்போர்ட்ட பாத்தா வண்டி சூப்பரா ஓடுது. மனுஷன் மாசக்கணக்கா வண்டியிலயே ஏறல."

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். "மோர் எங்க?" என்று அவன் கேட்டது காதில் விழவில்லை.

பிங்கில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்துக் கேட்டால் கடைசியாக எப்போது வந்தேன் என்று சொல்லும். முதலில் கேஸ்கட் பக்கத்தைக் கேட்டாள். செப்டம்பர். ஜார் வாஷர் பக்கம், செப்டம்பர். மூடி வளையம், அதற்கும் முன்னால். பிங் இந்தப் பக்கங்களுக்கு மறுபடி வரும் முறை இன்னும் வரவில்லை. காலையிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்த நேர்க்கோடு பழைய சாட்சி. அக்டோபரில் என்ன நடந்தது என்று பிங்குக்குத் தெரியாது.

பிடிமானம் போய்விட்டது. ஆனால் கேள்வி இப்போது மாறியிருந்தது. கூகிளுக்கு ஏன் கோபம் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிங் இன்றைக்கு வந்தால் அது என்ன பார்க்கும்?

அதைக் கேட்கும் இடம் சர்ச் கன்சோலில் இருக்கிறது. ஒரு முகவரியைக் கொடுத்து, இந்த நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லலாம். கொடுத்தாள். சக்கரம் சுற்றியது. பின்னால் இளம்பரிதி தானே மோரைக் கண்டுபிடித்து ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

பதில் வந்தது. பக்கம் கிடைக்கிறது. ஆனால் இதைத் தேடலில் சேர்க்கக் கூடாது என்று பக்கமே சொல்கிறது.

தளத்தின் உள்ளே போய் அமைப்புகளைத் திறந்தாள். கீழே, எல்லோரும் கடந்துபோய்விடும் இடத்தில், ஒரு சின்னப் பெட்டி. தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். தளம் கட்டி முடியும் வரை அரைகுறையாக யாருக்கும் காட்டாமல் இருக்க அதை வைத்திருக்கிறார்கள். பெட்டியில் டிக் இருந்தது.

படிக்கட்டுக்குக் காரணம் இப்போது தெரிந்தது. கூகிள் ஒவ்வொரு பக்கமாக வந்திருக்கிறது. வந்த இடத்திலெல்லாம் வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் படித்து, சொன்னபடி அந்தப் பக்கத்தை எடுத்திருக்கிறது. அடுத்த வாரம் அடுத்த பக்கங்கள். தண்டனை இல்லை. நாம் சொன்னதைக் கேட்டிருக்கிறது.

"செத்துப் போவல," என்றாள்.

"யாரு?"

"சைட்டு."

நாற்காலியில் சாய்ந்தாள். தோள்பட்டை வலிப்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நிமிடம் இன்னொரு நினைப்பு வந்தது. டிக் தானாக விழாது. யாரோ போட்டிருக்கிறார்கள். அவள்தான் என்றால், இத்தனை வாரமாக ஆறு பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு அவள்தான் காரணம்.

அதை அப்போதே எடுத்துவிடலாம். கை சுட்டியின் மேல் இருந்தது. எடுத்துவிட்டு, சரியாகிவிட்டது அண்ணா என்று போனில் சொன்னால், கண்ணையன் நம்ப மாட்டார். ராஜ்கமல் வந்து அல்காரிதம் என்பார், இவர் தலையாட்டுவார். கண்ணால் பார்க்க வேண்டும். மடிக்கணினியை மூடிப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

இந்திரா சிலைச் சந்திப்பில் வழக்கம்போல் முழங்கால் தண்ணீர். வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றுவழியாகத் தட்டாஞ்சாவடி போய்ச் சேர்ந்தபோது புடவையின் பாதி நனைந்திருந்தது.

பட்டறையில் ரப்பர் வாசனையே இல்லை. ப்ரெஸ் ஓடாததால் வரும் புதிய, விசித்திரமான சுத்தம். பெண்கள் பழைய வாஷர்களின் ஓரப் பிசிறை மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டியதையே வெட்டினார்கள். எல்லோருக்கும் மூத்தவள் கன்னியம்மாள், கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"வாம்மா வெப்சைட்டு. கூகிள்காரன்கிட்ட பெயிலு எடுத்தியா?"

"கேசே இல்லக்கா."

"கேசு இல்லாமதான் நாங்க இப்படி ஒக்காந்திருக்கோமா?"

கண்ணையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். பேக்கிங் மேசையில் செல்வி மடிக்கணினியைத் திறந்தாள். பெண்கள் எழுந்துவந்து சுற்றி நின்றார்கள். கூகிளின் கோடு, பிங்கின் கோடு, பிங் வந்து எவ்வளவு நாளாகிறது, இன்றைக்குக் கூகிள் பார்த்துவிட்டு வந்து சொன்னது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில் அந்தப் பெட்டியைக் காட்டினாள்.

"இதுல டிக் இருந்தா, எங்களத் தேடாதன்னு நாமளே போர்டு மாட்டுன மாதிரிண்ணா. இது எப்படி விழுந்துதுன்னு தெரியல. விஜயதசமி அன்னிக்கி நான்தான் சைட்டத் தொறந்தேன். அன்னிக்கி என் கை பட்டிருக்கலாம். நான் பண்ணிருந்தா..."

கண்ணையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"இது நான் போட்டது," என்றார்.

கன்னியம்மாளின் பக்கம் திரும்பினார்.

"ஆயுத பூஜக்கி. போன வருஷம் நெனவிருக்குதா கன்னியம்மா? பூஜ போட்டு ப்ரெஸ்ஸுக்கு சந்தனம் வெச்சி முடிக்கல, ஒருத்தன் போன் பண்ணி அவசரம்னான். நானும் ப்ரெஸ்ஸ ஓட்டுனேன். அச்சு ஒடஞ்சிது. இந்த வருஷம் ஒருத்தனும் அன்னிக்கி கூப்பிடக் கூடாதுன்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் லீவு விடறோம். ப்ரெஸ்ஸு, தராசு, டெம்போ. இதுக்கு மட்டும் விட வேணாமா? ஒன்கிட்ட கேட்டா மாட்டேன்னுவ. நானே உள்ள போயி தேடுனேன். இது ஒண்ணுதான் தேட வராதன்னு சொல்ற மாதிரி இருந்திச்சு. டிக் போட்டேன்."

"மறுநாள் எடுக்கலயாண்ணா?"

"மறுநாள் மறுபூஜ பண்ணி எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தேன்மா. சைட்டையும் போன்ல தொறந்து பாத்தேன். நல்லா தொறந்துச்சு. லீவு முடிஞ்சி அதுவே எழுந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"அது தூங்கவே இல்லண்ணா. தொறந்துதான் இருந்துச்சு. வர்ற வழியத்தான் மறச்சிட்டீங்க."

கூகிள் இதை மின்னஞ்சலிலும் சொல்லித்தான் இருந்தது. அது கண்ணையனின் முகவரிக்குப் போகும். அவர் மின்னஞ்சல் திறந்து பார்ப்பதில்லை.

முதலில் சிரித்தது கன்னியம்மாள். கத்தரியை வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"பூஜ போட்டு எல்லா மிஷினையும் தூங்க வெச்ச ஆளு, ஆர்டரு கொண்டாந்து நம்மள எழுப்பறதையும் தூங்க வெச்சிட்டாரு."

மற்றவர்களும் சிரித்தார்கள். கண்ணையனும் சிரிக்க முயன்றார். முடியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முகம் இளகியிருந்தது. ஏதோ பெரிய இடத்தில் தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒரு வாரம் தூங்காமல் இருந்த மனிதர். செய்தது தன் கைதான் என்று தெரிந்ததும் இவ்வளவு நிம்மதி அடைகிற ஒருவரைச் செல்வி அதுவரை பார்த்ததில்லை. அவளுக்குள்ளும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. அவர் போட்டது. அவள் போடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போது அப்படி மகிழ்வது சங்கடமாக இருந்தது. ஆனாலும் மகிழ்ந்தாள்.

"எடுத்துடவாண்ணா?"

"எடு, எடு."

"இரு," என்றாள் கன்னியம்மாள். "லீவு விட்டவருதான் எழுப்பணும். எல்லா மிஷினுக்கும் அப்படித்தான் பண்ணாரு. இதுக்கு மட்டும் மறுபூஜ போடாம உட்டுதான் இந்தக் கூத்து."

"கன்னியம்மா, இது கம்ப்யூட்டரு."

"தெரியுது. சூடத்த தள்ளி வெச்சிக் காட்டுங்க."

சாமி படத்தின் அருகில் இருந்து தட்டை எடுத்து வந்தார்கள். மழை ஈரத்தில் தீப்பெட்டி உடனே பற்றவில்லை. கற்பூரம் எரிந்ததும் செல்வி ஒரு கையால் மடிக்கணினியின் திரையைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணையன் மூன்று முறை சுற்றிக் காட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுட்டியைப் பிடித்து, நாக்கை லேசாக வெளியே நீட்டியபடி, பெட்டியின் மேல் கொண்டுபோய் அழுத்தினார். டிக் போனது. "கீழ சேமின்னு இருக்குதுல்ல, அதையும்," என்றாள் செல்வி. அதையும் அழுத்தினார்.

அதன் பிறகு அவள் வேலை. அதிகம் கேட்கப்படும் பக்கங்களை மட்டும் எடுத்து, வந்து பார் என்று கூகிளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கேட்கலாம் என்று வரம்பு உண்டு. வரம்பு முடிந்ததும் எல்லாப் பக்கங்களின் பட்டியலான தள வரைபடத்தைக் கூகிளிலும் பிங்கிலும் மறுபடி கொடுத்தாள்.

"நாளைக்கி வந்துடுமா?" என்றார் கண்ணையன்.

"எடுத்த மாதிரிதாண்ணா வைக்கும். ஒவ்வொண்ணா. சிலது ரெண்டு மூணு நாள்ல வரும், சிலதுக்கு வாரம் ஆவும்."

"ஆனா வரும்."

"வரணும்."

அந்த "வரணும்" என்பதைச் சொல்லும்போது அவள் குரல் முழுதாக உறுதியாக இல்லை. அவர் கவனித்தார். இருந்தும் போனை எடுத்து ராஜ்கமலைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, தண்டனல்லாம் இல்ல. நான்தான் ஒரு டிக்க போட்டு மறந்துட்டேன்."

"சார், நோ இண்டெக்ஸா?" தேடலில் சேர்க்காதே என்ற அந்த டிக்கை ராஜ்கமல் அப்படித்தான் சொன்னார். "அத எங்க டீம் பாத்திருக்கணும். சாரி சார். ஆனா புது சைட் போட்டா டிசைனும் மாடர்னா..."

"டிசைன வெச்சி யாரும் வாஷர் வாங்கறதில்ல தம்பி. ஜாரு ஒழுகுனா வாங்குவாங்க. இந்தப் பக்கம் வந்தா வாங்க. டீ சாப்ட்டுட்டுப் போலாம்."

சனிக்கிழமை முழுவதும் ஒன்றும் வரவில்லை. செல்வி அடிக்கடி பார்த்தாள். பார்ப்பதால் கூகிள் வேகமாக வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இளம்பரிதி, "பஸ் ஸ்டாண்டுல நிக்கறவங்க எட்டி எட்டிப் பாப்பாங்களே, அதேதான் நீ பண்றது. எட்டிப் பாத்தா நாங்க சீக்கிரமா வந்துடுவோமா?" என்றான். ஞாயிறு மாலை மழை விட்டிருந்தது. மாடியில் துணி போட்டுவிட்டு வந்து கேஸ்கட் பக்கத்தைக் கேட்டாள். இந்தப் பக்கம் கூகிளில் இருக்கிறது என்று வந்தது. போனில் தேடிப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில், வடநாட்டுக்காரருக்குக் கீழே, வெள்ளைத்தாளும் அடிஸ்கேலுமாக அது நின்றது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. சமையலறைக்குப் போய் டீ போட்டு, நின்றபடி குடித்தாள். வெகுநேரம் கழித்துத்தான் சர்க்கரை போடவில்லை என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கண்ணையன் அழைத்தார். பின்னால் ப்ரெஸ் ஓடும் சத்தம்.

"சேலத்துலேர்ந்து ஒரு அம்மா கூப்ட்டாங்க. பச்ச மூடி ஜாரு. எங்க பாத்தீங்கன்னு கேட்டேன். கூகிள்லன்னாங்க. கன்னியம்மா போன புடுங்கி, நல்லாப் பாத்து சொல்லுங்க கூகிளா பிங்கான்னு கேக்கறா. அந்தம்மா பயந்துட்டாங்க."

செல்வி சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும். எனக்கு அந்த டிக்கு கண்ணுல படாத மாதிரி பண்ண முடியுமா? மறுபடி கை சும்மா இருக்காது."

"முடியும்ணா. இப்ப நீங்களும் அட்மின், நானும் அட்மின். ஒங்கள எடிட்டர் ஆக்கிட்டா எழுதலாம், படம் போடலாம். அமைப்புக்குள்ள போவ முடியாது."

"ஓனரு நான்தானே?"

"ஓனரு நீங்கதாண்ணா. பூஜ அன்னிக்கி மட்டும், இன்னிக்கி பட்டறை விடுமுறை, நாளைக்கி கூப்பிடுங்கன்னு மேல ஒரு வரி போட்டுடறேன். யாரும் கூப்பிட மாட்டாங்க. கூகிளும் போவாது."

ப்ரெஸ் ஒருமுறை இறங்கி ஏறும் சத்தம் கேட்டது.

"அப்ப இனிமே அதுக்கு அட்மின் நீ ஒருத்திதான்."

"ஆமா."

"சரி. அடுத்த வருஷம் பூஜக்கி காலையிலயே வந்துரு. லீவு வுடறதும் எழுப்பறதும் நீதான் பண்ணணும். சூடம் நாங்க குடுக்கறோம்."